பழைய டிராக்டர் வாங்குமுன்: ஹைட்ராலிக்கையும் கட்டுறுதியையும் ஒப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஏனாத்தூர்ப் பக்கம் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று நெல்தான் பேச்சு. ஏரி மதகு திறந்ததும் எல்லார் நிலத்துக்கும் ஒரே நேரத்தில் சேற்றுழவு. வாடகை வண்டிக்குக் காத்திருந்து நாற்று முற்றிப்போவதைவிட, பழைய வண்டி ஒன்றைச் சொந்தமாக வாங்கிவிடலாம் என்று நினைப்பது நியாயமான யோசனைதான். ஆனால் வாங்கப் போகிறவர்கள் எஞ்சின் சத்தம், டயர், பெயிண்ட் மூன்றையும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். எஞ்சினைப் பிரித்துப் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். சேற்று நிலத்தில் வண்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன் பின்பக்கம்: ஹைட்ராலிக்கும், அதைத் தாங்கும் வார்ப்பிரும்புக் கூடும்.

முதல் படி: எந்த வம்சத்து வண்டி என்று தெரிந்துகொள்ளுங்கள்

இன்று நாம் காணும் மூன்று முனை இணைப்பைப் பரவலாக்கியவர் அயர்லாந்தில் பிறந்த ஹாரி ஃபெர்குசன். 1939-இல் ஃபோர்டு 9என் வண்டியில் அது பெரிய அளவில் சந்தைக்கு வந்தது. கலப்பை இறுகிய மண்ணில் மாட்டினால் டாப் லிங்க் முன்னோக்கித் தள்ளப்படும். அந்த அழுத்தத்தை ஒரு ஸ்பிரிங் வாங்கி வால்வை அசைக்க, கலப்பை தானாகச் சற்றே மேலேறும். டிராஃப்ட் கன்ட்ரோல் என்பது இதுதான்.

1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே, மேசி ஃபெர்குசன் வண்டிகளை இங்கே கொண்டுவந்தது. மேசி 1035 அந்த வம்சம், எஞ்சின் சிம்சன். இதன் ஹைட்ராலிக் பம்ப் பின்கூட்டுக்குள், எண்ணெயில் மூழ்கியபடி இருக்கும். நான்கு பிஸ்டன்கள், பி.டி.ஓ. தண்டிலிருந்து ஓட்டம். மகேந்திரா பி-275 இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் வழி வந்தது. ஹெச்.எம்.டி. வண்டிகள் செக் நாட்டு ஸீட்டர் வழியில், 1971 முதல் பிஞ்சோரில் உருவானவை. 1974-இல் வந்த ஸ்வராஜ் 724 நம் நாட்டு வடிவமைப்பு. பம்ப் இருக்கும் இடமும் அதற்கு ஓட்டம் வரும் வழியும் வண்டிக்கு வண்டி மாறும் என்பதால், எல்லாவற்றையும் ஒரே சோதனையால் எடைபோட முடியாது.

இரண்டாம் படி: கிளட்சை மிதித்துப் பாருங்கள்

சிங்கிள் கிளட்ச் மேசியில் கிளட்சை மிதித்தால் பம்பும் நின்றுவிடும். வரப்போரம் திரும்பும்போது வண்டியை நிறுத்திக்கொண்டு கலப்பையைத் தூக்க முடியாது. டூயல் கிளட்ச் வண்டியில் பாதி மிதித்தால் ஓட்டம் மட்டும் நிற்கும், பம்ப் ஓடிக்கொண்டிருக்கும். ஏரிப்பாசனத்தின் சின்னச் சின்ன வயல்களில் இந்த ஒரு வித்தியாசம் நாள் முழுக்கத் தெரியும். டூயல் என்று சொல்லி விற்றால், பாதி மிதியில் லிஃப்ட் ஏறுகிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

மூன்றாம் படி: எண்ணெய் சூடேறிய பிறகே லிஃப்டைச் சோதியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருக்கும். தேய்ந்த பம்பும் அப்போது நன்றாகவே தூக்கும். அரை மணி நேரமாவது உழுது, எண்ணெய் சூடாகி இளகிய பிறகுதான் உண்மை வெளிவரும். வீட்டு வாசலில் ஸ்டார்ட் செய்து, வெறும் லிஃப்டை ஏற்றிக்காட்டுவது சோதனையே அல்ல.

நீங்கள் எதை ஓட்டப் போகிறீர்களோ அதையே மாட்டுங்கள்: ஒன்பது கொத்தோ ரோட்டவேட்டரோ. பிறகு எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு லிவரை உயர்த்துங்கள். மெதுவாக ஏறினாலும் பாரத்தை முழுதாகத் தூக்கினால் அழுத்தம் இருக்கிறது, எண்ணெய் வரத்துதான் குறைவு. முதலில் வடிகட்டியைப் பாருங்கள். வெறும் லிஃப்ட் கை வேகமாக ஏறி, பாரம் மாட்டியதும் திணறினால் அழுத்தம் போகிறது: ரிலீஃப் வால்வோ, சிலிண்டர் சீலோ, பம்போ. இரண்டாவதுதான் செலவு பிடிக்கும் கோளாறு. தூக்கி நிறுத்திய கலப்பை எஞ்சின் ஓடும்போதே விட்டுவிட்டுத் தலையாட்டினால் உள்ளே கசிவு இருக்கிறது. கசிந்ததை ஈடுகட்ட பம்ப் மறுபடி மறுபடி தூக்குகிறது.

அடுத்து எஞ்சினை நிறுத்துங்கள். கலப்பையின் உயரத்துக்குச் சுவரில் சாக்பீஸ் கோடு போட்டுக் கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். பழைய வண்டியில் சிறிது இறங்குவது சகஜம். மடமடவென்று தரைக்கு வந்தால் விட்டுவிடுங்கள். தூக்கிய கலப்பையின் கீழே யாரும் கையோ காலோ வைக்கக் கூடாது.

1035-க்கு நிறுவனம் சொல்லும் தூக்குதிறன் 1,100 கிலோ. பொதுவாக இப்படிச் சொல்லும் எண்கள் லோயர் லிங்க் முனைக்கானவை. ரோட்டவேட்டரின் பாரம் அதற்கும் பின்னால் தள்ளி விழுவதால், வயலில் கிடைக்கும் திறன் குறைவாகவே இருக்கும். மத்தியப் பிரதேசத்தில் புத்னியில் உள்ள மத்திய அரசுச் சோதனை நிலையத்தின் அறிக்கை கிடைத்தால், எந்தப் புள்ளியில் அளந்த எண் என்று பார்த்து ஒப்பிடுங்கள்.

நான்காம் படி: டிராஃப்டும் பொசிஷனும்

டிராஃப்டைப் புழுதிக்காலில் சோதியுங்கள். இளகிய மண்ணிலிருந்து இறுகிய மண்ணுக்குப் போகும்போது லிவரைத் தொடாமலே கலப்பை சற்று எழ வேண்டும். சேற்றில் டாப் லிங்கைத் தள்ளும் அந்த அழுத்தம் வராது. அங்கே பொசிஷன் கன்ட்ரோல்தான் வேலை செய்யும். லிவரை எங்கே வைத்தாலும் லிஃப்ட் கை அதற்கேற்ற உயரத்திலேயே நிற்க வேண்டும். நெல் மட்டும் வைப்பவருக்கு டிராஃப்டைவிட இதுவே முக்கியம்.

ஐந்தாம் படி: கூட்டைத் தடவிப் பாருங்கள்

இந்த வண்டிகளுக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. எஞ்சின், கியர்பாக்ஸ், பின்கூடு ஆகிய வார்ப்பிரும்புப் பாகங்களைப் போல்ட் போட்டு இணைத்ததே உடம்பு. கேஜ் வீல் மாட்டிச் சேற்றில் பல வருடம் ஓடிய வண்டியில் அந்த இணைப்புகளில்தான் பாரம் ஏறும். சேற்றைக் கழுவிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். மயிரிழை விரிசல், வெல்டிங் வைத்த தடம், ஒரு இடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் மூன்றும் எச்சரிக்கை.

பிறகு எண்ணெய். மேசியில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய் என்பதால், கியரில் தேயும் இரும்புத் தூள் நேரே பம்புக்குப் போகும். டிப்ஸ்டிக்கை உருவி, எண்ணெயை வெள்ளைத் துணியில் தேயுங்கள். பளபளவென்று துகள் தெரிந்தால் கியர் தேய்கிறது. பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. பின் அச்சின் சீல்களைச் சந்தேகப்படுங்கள்.

லோயர் லிங்க் குண்டுகள், முன் அச்சின் நடுப் பின் ஆகியவற்றில் ஆட்டம் இருந்தால் பயப்பட வேண்டாம். மாற்றக்கூடிய பாகங்கள்தான், விலையில் குறைத்துக் கேளுங்கள்.

எதை வாங்குவது?

இரண்டு வண்டிகள் சமமாக நின்றால், உங்கள் ஊர் மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டும் வண்டியை எடுங்கள். சென்னையிலேயே உருவான மேசிக்கு இந்தப் பக்கம் அந்த அனுகூலம் உண்டு. மற்ற வண்டி என்றால், பம்ப் சீலும் லிஃப்ட் பாகங்களும் காஞ்சிபுரத்தில் கிடைக்குமா என்று கடையில் விசாரித்துவிட்டுப் பேசுங்கள். பின்கூட்டில் விரிசல் இருந்தால் மட்டும், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.