நகரம் என்னும் சொல்
"நம் ஊர் நகரமாகிவிட்டதாமே?" என்று அங்கத்தினர் சிலர் கவலையுடன் வினவுவதுண்டு. எந்தப் பொருளில் நகரம் என்று முதலில் அறிதல் வேண்டும்.

பட்டணம், புரம், பேரூர் முதலியன நகரத்தைக் குறிக்கும் பிற சொற்கள். பட்டினம் என்பது சிறப்பாகக் கடற்கரை நகரம், நாகப்பட்டினம் அத்தகையது. சோழர் காலக் கல்வெட்டுகளிலோ 'ஊர்' என்பது நிலமுடைய வேளாளரின் சபை, 'நகரம்' என்பது வணிகரின் சபை. பரப்பைவிடக் கூடி முடிவு செய்வோர் யார் என்பதே அங்கு கருதப்பட்டது. இக்காலத்தில் பத்து மனைகள் கொண்ட பிரிவுக்கும் 'நகர்' என்று பெயரிடுகின்றனர். அதனால் ஊராட்சி மாறிவிடாது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 5,000 மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், முதன்மைத் தொழிலுடைய ஆண்களில் 75 விழுக்காட்டினர் உழவல்லாத தொழிலினர் என்னும் மூன்று அளவுகளையும் எட்டிய ஊர்கள் 'கணக்கெடுப்பு நகரம்' எனப்பட்டன. அவற்றுள் ஊராட்சியாகவே நீடிப்பவை உண்டு. அங்கே கிராம சபையும் கூடும். அரசாணையால் பேரூராட்சியாகவோ நகராட்சியாகவோ மாற்றப்பட்ட ஊரில்தான் கிராம சபை இல்லாது போகும்.