ஈயத்திலிருந்து பச்சை ஒளி

அன்புள்ள தங்கைக்கு,

பெரோவ்ஸ்கைட் நானோபடிகம் செய்து பார்க்க ஆசை, எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தாய். கும்மிடிப்பூண்டியில் இருந்துகொண்டு கேட்கிறாய், அதனால் ஈயத்திலிருந்தே தொடங்குகிறேன். பழைய பேட்டரியிலிருந்து ஈயம் எடுக்கும் தொழில் உங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. அப்படிப்பட்ட கார் பேட்டரி ஈயத்தைக் கொண்டே பெரோவ்ஸ்கைட் சூரிய மின்கலம் செய்யலாம் என்று 2014இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதே குடும்பத்துப் பொருளைப் பத்து நானோமீட்டர் அளவுக்குக் குறுக்கினால், புற ஊதா விளக்கின் கீழ் கண் கூசும்படி ஒளிர்கிறது.

2015இல் சூரிச்சில் வேதியியலாளர் கோவாலென்கோவின் குழு இதைச் செய்த விதம் இதுதான்: ஆக்டாடெசீனில் ஈய புரோமைடு, ஒலியிக் அமிலம், ஒலைலமின், வெப்பம் 140 முதல் 200 டிகிரி, அதில் சீசியம் ஒலியேட்டைச் சட்டென்று பீய்ச்சி, ஐந்து விநாடியில் ஐஸ் தண்ணீரில் குளிரவைத்தார்கள். அதே ஆண்டு புனே ஐசர் ஆய்வு நிறுவனத்தில் அங்சுமன் நாக் குழுவும் இந்தப் படிகங்களின் ஒளிர்வை ஆராய்ந்து எழுதியது.

உனக்கு அந்தச் சூட்டு முறை இப்போது வேண்டாம். சீசியம் புரோமைடையும் ஈய புரோமைடையும் டி.எம்.எஃப். கரைப்பானில் கரைத்து, ஒலியிக் அமிலம், ஒலைலமின் என்ற அந்த இரண்டு எண்ணெய்ப்பசைப் பொருள்களையும் சேர்த்து, வேகமாகக் கலக்கிக்கொண்டிருக்கும் டொலுவீனில் சில துளி விடு. டொலுவீனில் இந்த உப்புகள் கரையாது. அந்தக் கணமே படிகமாகிவிடும், பச்சை பிறக்கும். அந்த இரண்டு பொருள்களும் படிகத்தின் மேல் ஒட்டி, அது மேலும் வளராமல் தடுக்கும். இதெல்லாம் பேராசிரியர் உடனிருக்க, புகை உறிஞ்சும் கூண்டுக்குள், கையுறையோடு மட்டும். வீட்டில் கூடவே கூடாது. ஈயமும் நஞ்சு, டி.எம்.எஃப்.பும் தோல் வழியே உள்ளே போகும். கழிவைத் தொட்டியில் ஊற்றாதே.

நிறம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் ஹாலைடிலிருந்து. புரோமைடு பச்சை, குளோரைடு கலந்தால் நீலம், அயோடைடு கலந்தால் சிவப்பு. செய்து முடித்த படிகத்தில்கூட ஹாலைடை மாற்றலாம், நொடிகளில் நிறம் மாறிவிடும். அளவுக்கும் பங்கு உண்டு: சுமார் ஏழு நானோமீட்டருக்குக் கீழே போனால் எலக்ட்ரான் இட நெருக்கடியில் சிக்குகிறது, ஆற்றல் இடைவெளி கூடுகிறது, ஒளி நீலப் பக்கம் நகர்கிறது.

ஒளிரவைப்பது எளிது, அளப்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். அடர்த்தியான கரைசலில் ஒரு படிகம் விட்ட ஒளியைப் பக்கத்துப் படிகம் விழுங்கிவிடும். அதிலும் குறுகிய அலைநீளப் பகுதியே அதிகம் விழுங்கப்படும். அதனால் ஒளிர்வு நிறமாலையின் உச்சி சிவப்புப் பக்கம் நகர்ந்ததுபோலத் தோன்றும்; படிகம் பெரிதாகிவிட்டது என்று நீ எழுதிவிடுவாய். டொலுவீனில் நீர்க்கவைத்து, தூண்டும் அலைநீளத்தில் உட்கவர் மதிப்பு 0.1க்குக் கீழே வந்த பிறகு அளந்து பார். உச்சி 510 நானோமீட்டர் அருகே, அரை உயரத்தில் அதன் அகலம் 20 நானோமீட்டர் சுற்றி வந்தால் நல்ல படிகம்.

உலர்ந்த டொலுவீனையே பயன்படுத்து, குப்பியை இறுக மூடிவை. இந்தப் படிகம் ஓர் உப்பு, பழவேற்காட்டுக் கடற்காற்றின் ஈரமே இதைக் கெடுக்கும். படிகத்தைச் சுத்தம் செய்ய அசிட்டோன் விட்டுத் திரும்பத் திரும்பக் கழுவினால் மேற்பூச்சு கழன்று ஒளி மங்கும், ஒருமுறை போதும்.

அளந்ததும் வரைபடத்தை அனுப்பு. எத்தனை மடங்கு நீர்க்கவைத்தாய் என்பதையும் மறக்காமல் எழுது. அது இல்லாத வரைபடத்தை நான் நம்பமாட்டேன்.

அன்புடன்,
அண்ணன்