ஸ்பீக்கர் இரைகிறதா? எர்த் பின்னைக் கழற்றாதீர்கள்!

கம்ப்யூட்டரை ஆம்ப்ளிஃபயரோடு இணைத்ததும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால், எர்த் பின்னைக் கழற்றச் சொல்பவர்கள் உண்டு. இரைச்சல் நிற்கலாம், ஆனால் மின்கசிவு ஏற்படும்போது ஃபியூஸ் போகாமல், உலோகப் பெட்டியைத் தொடுபவரின் உயிரே போகலாம். பெரும்பாலும் உண்மையான காரணம், இரண்டு கருவிகளும் வெவ்வேறு பிளக்கில் எர்த் ஆவதால், ஆடியோ கேபிளின் வலையுறை வழியே 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் சுற்றுவதுதான். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள். அந்தச் சுற்று சிறுத்து, இரைச்சலும் குறையும்.

ஷீல்டு கேபிள் மட்டும் போதாதா? செம்பு வலையுறை மின்புலத்தைத் தடுக்கும். 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தை அவ்வளவாகத் தடுக்காது. எனவே ஆடியோ கேபிளை கரன்ட் வயரோடு சேர்த்துக் கட்டாமல், ஓர் அடியாவது தள்ளிப் போடுங்கள். குறுக்கிட்டே ஆகவேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்க விடுங்கள். அப்படியும் இரைந்தால் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் பொருத்தலாம். எர்த்தில் மட்டும் கை வைக்கவே வேண்டாம்.