பழனிக்கு முன்னால் பள்ளபட்டி

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கமிஷன் கடைக்காக நீ எழுதிய நிரலின் பட்டியலைப் பார்த்தேன். பகலில் நீயே ஓட்டினால் பழனி முதலில், பள்ளபட்டி அடுத்து. குறித்த நேரத்தில் நிரல்களைத் தானே ஓட்டும் கிரான் இரவில் அதை ஓட்டியபோது பள்ளபட்டி முந்திக்கொண்டது. "நிரலுக்குள்ளேயே மொழியைப் பூட்டிடவா அண்ணா?" என்று கேட்டிருந்தாய். வேண்டாம்மா.

ய ர ல வ ழ ள என்றுதான் நாம் பள்ளியில் படித்தோம். யூனிகோடில் ளகரத்தின் எண் 2995, ழகரத்துக்கு 2996. எந்த வரிசையில் அடுக்குவது என்பதை சார்ட் கட்டளை சூழல் மாறிகளைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். எல்சி_ஆல் இருந்தால் அது வைத்ததே சட்டம். இல்லையென்றால் எல்சி_கொலேட், அதுவும் இல்லையென்றால் லேங். மூன்றுமே இல்லாவிட்டால் வெறும் எண் வரிசைதான். உன் லேங்கை, நீ டெர்மினலைத் திறக்கும்போது பாஷ் படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பில் எழுதி வைத்திருக்கிறாய். கிரான் அந்தக் கோப்பைத் திறந்தே பார்ப்பதில்லை.

சூழல் மாறிகள் என்ற ஏற்பாடே 1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்தது. தாய் நிரல் தன் மாறிகளின் நகலைச் சேய் நிரலிடம் கொடுத்தனுப்பும். சேய் அதில் எதைத் திருத்தினாலும் தாய்க்குத் தெரியாது. எக்ஸ்போர்ட் செய்யாத மாறி வாசலைத் தாண்டாது.

ஆகவே கிரானின் வேலைப் பட்டியலான கிரான்டேபின் தலையில் எல்சி_ஆல்=டிஏ_ஐஎன்.யூடிஎஃப்-8 என்று ஒரு வரி எழுது. கட்டளைக்கு முன்னால் அதே வரியில் எழுதினால் அந்த ஒரு ஓட்டத்துக்கு மட்டும் செல்லும். கேரளத்துக்கு லாரி அனுப்பும் கடைக்காரர் மலையாளப் பட்டியல் கேட்டாலும் நிரலைத் தொட வேண்டியதில்லை.

நான் ஒருமுறை கடவுச்சொல்லை நிரலுக்குள்ளேயே எழுதி மூன்று கடைகளுக்குக் கொடுத்துவிட்டேன். அதை மாற்ற வேண்டிய அன்று நத்தம், வேடசந்தூர், நிலக்கோட்டை என்று பஸ் ஏறி இறங்கினேன். மாறக்கூடிய எதையும் அதன் பிறகு உள்ளே வைப்பதில்லை. ஆனால் கடவுச்சொல்லைக் கட்டளை வரியில் தட்டாதே, ஹிஸ்டரியில் தங்கிவிடும்.

இன்னொன்று, இதில்தான் பலரும் அகப்படுகிறார்கள். கணினியில் தமிழ் லோக்கேல், அதாவது தமிழுக்கான விதித் தொகுப்பு, நிறுவப்படாமல் இருந்தால் சார்ட் வாயே திறக்காமல் எண் வரிசைக்குப் போய்விடும். முதலில் லோக்கேல் -ஏ போட்டுப் பார். சார்ட்டோடு --டீபக் சேர்த்தால் எந்த விதியைப் பிடித்தது என்று அதுவே சொல்லும். உன் நிரலும் தொடங்கும்போது எந்த மதிப்பை எங்கிருந்து எடுத்தது என்று லாகில் ஒரு வரி எழுதட்டும். காலையில் கடைக்காரர் போன் செய்தால் நீ முதலில் திறக்கப்போவது அந்தக் கோப்பைத்தான்.

அன்புடன்,
அண்ணன்
திண்டுக்கல்