நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவே

கேள்வி: எனக்கு வயது 43. தென்னந்தோப்பில் வேலை. கள்ளில் தொடங்கிய பழக்கம் பிராந்தியில் கொண்டுபோய் விட்டது. எங்கள் ஊரில் கள்ளுக்கடை, எல்லை தாண்டினால் டாஸ்மாக். ஆஸ்பத்திரியில் இருந்து வந்து நான்கு மாதமாகத் தொடவில்லை. ஆனாலும் சாயங்காலம் ஆனால் மனசு நிலைகொள்வதில்லை. பௌத்த தியானம் பழகச் சொல்கிறார் சிநேகிதர். "நமக்கு மாரியாத்தா இருக்கும்போது புத்தர் எதற்கு?" என்கிறாள் மனைவி. தியானம் பழகினால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

- வாசகர், எருத்தேன்பதி

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். அதை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் டாக்டர். நாள்பட்ட குடியைச் சட்டென்று விட்டால் முதல் சில நாட்களில் வலிப்பு வரலாம், புத்தி பேதலிக்கலாம், உயிரே போகலாம். அந்தக் கட்டத்துக்கு ஆஸ்பத்திரிதான். அதைத் தாண்டிவிட்டீர்கள். தியானத்துக்கு வேலை இனிமேல்தான்.

துன்பம் உண்டாகும் வரிசையைப் பௌத்தம் பன்னிரண்டு கண்ணிகளாகச் சொல்கிறது. அவற்றில் நான்குக்கு, பௌத்தக் காப்பியமான மணிமேகலை தரும் தமிழ்ப் பெயர்கள்: ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று. தோப்பில் கள் வாசனை மூக்கில் படுவது ஊறு. உடம்பு அதில் சுகம் காண்பது நுகர்வு. 'ஒரு குவளை மட்டும்' என்று மனம் சொல்வது வேட்கை. கால் கடைக்குத் திரும்பிவிட்டால் அது பற்று. வாசனையை உங்களால் தடுக்க முடியாது. ஆனால் நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. அதைக் கண்டுகொள்ளத்தான் தியானம்.

ஆசை வரும்போது உட்காருங்கள். அதை அடக்கவும் வேண்டாம், அதன் பின்னால் போகவும் வேண்டாம். அது உடம்பில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: தொண்டையிலா, நெஞ்சிலா, விரல் நுனியிலா? மூச்சைக் கவனித்தபடியே இருங்கள். அது ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். ஆசை இல்லாத காலையிலும் பத்து நிமிடம் இப்படி உட்கார்ந்து பழகினால்தான் சாயங்காலம் கைகொடுக்கும்.

அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் இதை அலைமேல் சறுக்குவதற்கு ஒப்பிட்டார். அவர் வழிவந்த பயிற்சியை, சிகிச்சை முடித்த 286 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில் சோதித்தார்கள். முடிவுகள் 2014இல் வெளியாயின. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இதைப் பழகியவர்கள் மிதமிஞ்சிக் குடித்த நாட்கள் குறைவு. எல்லோரும் அடியோடு விட்டுவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மனைவியிடம் சாதுவன் கதையைச் சொல்லுங்கள். அதுவும் மணிமேகலையில் வருவதுதான். ஆதிரையின் கணவன் அவன். சூதில் பொருளையெல்லாம் தொலைத்தவன், கப்பல் உடைந்து நாகர் மலையில் கரை ஒதுங்குகிறான். நாகர் தலைவன் கள்ளும் ஊனும் பெண்ணும் கொடுக்கச் சொல்கிறான். சாதுவன் மறுப்பதோடு நிற்காமல், ஏன் வேண்டாம் என்று அவர்களுக்கே அறம் சொல்கிறான். சறுக்கி விழுந்தவன் வாயிலிருந்து வருவதால்தான் அந்தப் பேச்சுக்குக் கனம்.

தியானம் பழகுவதற்காக மதம் மாற வேண்டியதில்லை. 1956இல் அம்பேத்கர் தம்மோடு பௌத்தம் தழுவியவர்களுக்குக் கொடுத்த 22 உறுதிமொழிகளில் மது குடிக்க மாட்டேன் என்பதும் ஒன்று. அது அவர்கள் தேர்ந்த பாதை. நீங்கள் கண்மூடி மூச்சைப் பார்ப்பதற்காக மாரியாத்தா கோபித்துக்கொள்ள மாட்டாள்.

பத்து நாள் மௌன விபாசனா தியான முகாம்கள் திண்டுக்கல், செங்கன்னூர்ப் பக்கம் நடக்கின்றன. இப்போதே அவசரப்பட்டுப் போக வேண்டாம். டாக்டரிடம் கேளுங்கள். விண்ணப்பத்தில் குடியையும் மாத்திரையையும் மறைக்காதீர்கள்.

பௌத்தத்தில் சங்கம் மூன்றாவது சரணம். தனியாளாகப் போராடாதீர்கள் என்பதே அதில் உங்களுக்கான பாடம். குடியை விட்டவர்கள் கூடும் ஏஏ கூட்டமோ, கேரள அரசின் விமுக்தி மையமோ உங்களுக்குச் சங்கம்தான். ராத்திரியில் மனம் தத்தளித்தால் மனநல உதவி எண் 14416க்குப் போன் செய்யுங்கள். வேலை முடிந்து வீடு திரும்பக் கடை இல்லாத வழியைப் பாருங்கள்.

ஒருவேளை சறுக்கினால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். பௌத்தர்கள் ஐந்து சீலங்களை, அதாவது ஒழுக்க உறுதிகளை, ஒரே முறை எடுத்து முடித்துவிடுவதில்லை. திரும்பத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். மனிதன் மறப்பவன் என்று தெரிந்துதான் அந்த ஏற்பாடு.