பழைய போட்டோவில் இருப்பது எந்த டார்டன்? கம்ப்யூட்டர் மூலம் கண்டறியலாம்

ஸ்காட்லாந்து வம்சாவளியினர் வீடுகளில், கில்ட் அணிந்த முன்னோரின் கருப்பு வெள்ளை போட்டோ இருப்பதுண்டு. கில்ட் என்பது இடுப்பில் சுற்றி அணியும், மடிப்பு வைத்த கம்பளி உடை. அதன் கட்டம் போட்ட டிசைனுக்கு டார்டன் என்று பெயர். டார்டன் தெரிந்தால், கிளான் எனப்படும் குலமும் தெரிந்துவிடும் என்று பலர் நினைக்கின்றனர். அவசரப்பட்டு முடிவெடுத்தால், வேறொரு குலத்தின் பெயர் குடும்ப வரலாற்றில் ஏறிவிடும். அடுத்த தலைமுறையும் அதையே நம்பும்.

நிறத்தை நம்பாதீர்கள்

1880களுக்கு முன் பயன்பட்ட போட்டோ தகடுகள் பெரும்பாலும் நீல ஒளியைத்தான் உணர்ந்தன. அதனால் நீலம் வெளிறியும், சிவப்பும் மஞ்சளும் கருத்தும் பதிந்தன. பின்னர் வந்த ஆர்த்தோகுரோமேடிக் பிலிமிலும் சிவப்பு கருப்பாகவே விழுந்தது.

ஓர் உதாரணம் பார்ப்போம். பிளாக் வாட்ச் டார்டனில் கருநீலம், கரும்பச்சை, கருப்பு உண்டு. அதன் பச்சைப் பட்டையில் ஒரு மஞ்சள் கோடு சேர்ந்தால் அது கோர்டன் டார்டன். பழைய போட்டோவில் அந்த மஞ்சள் கோடு கருத்து, பச்சைக்குள் மறைந்துபோகலாம். கோர்டன், பிளாக் வாட்ச் போலத் தோன்றும். எனவே பார்க்க வேண்டியது நிறத்தை அல்ல. கோடுகளின் வரிசையையும் அகலத்தையும்தான்.

செய்ய வேண்டியவை

1. போட்டோவைக் குறைந்தது 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்யுங்கள். சிறிய போட்டோ எனில் 1200 டிபிஐ நல்லது. ஜேபெக் வேண்டாம், டிஃப் பைலாக சேவ் செய்யுங்கள். அதைக் காப்பி எடுத்து, காப்பியில் மட்டும் வேலை செய்யுங்கள்.

2. இலவச புரோகிராமான ஜிம்ப்பில் பைலைத் திறந்து, கில்ட்டின் முன்பக்கத்தை மட்டும் கிராப் செய்யுங்கள். அங்கு துணி மடிப்பின்றித் தட்டையாக இருக்கும். மடிப்புகள் உள்ள பகுதியில் டிசைனின் ஒரு பகுதி ஒளிந்திருக்கும்.

3. கலர்ஸ் மெனுவில் லெவல்ஸ் சென்று, மெல்லிய கோடுகள் தெரியும் வரை சிறிது சிறிதாக மாற்றுங்கள்.

4. மெஷர் டூல் மூலம் ஒவ்வொரு பட்டையின் அகலத்தையும் பிக்ஸெலில் குறித்துக்கொள்ளுங்கள். மிக மெல்லிய கோட்டின் அளவால் மற்றவற்றை வகுத்தால் விகிதம் கிடைக்கும். 4 பிக்ஸெல் கோட்டுக்கு அருகில் 44 பிக்ஸெல் பட்டை இருந்தால் விகிதம் 1:11.

5. பெரும்பாலான டார்டன்களில் கோடுகளின் வரிசை ஓரிடத்தில் கண்ணாடிப் பிம்பம் போலத் திரும்பும். அப்படித் திரும்பும் இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள வரிசையை எழுதுங்கள்.

6. ஸ்காட்டிஷ் ரெஜிஸ்டர் ஆஃப் டார்டன்ஸ் இணைய தளத்தில் உள்ள படங்களுடன் அதை ஒப்பிடுங்கள். 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி உருவாகி, 2009 முதல் இயங்கும் அரசுப் பதிவேடு இது.

போட்டோவுக்கு வண்ணம் சேர்க்கும் ஏஐ புரோகிராம்களை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அவை நிறத்தை ஊகித்தே போடுகின்றன. படத்தைப் பெரிதாக்கும் ஏஐ, இல்லாத கோட்டையும் வரைந்துவிடும்.

குலமா, ரெஜிமெண்டா?

டார்டன் கிடைத்துவிட்டாலும் குலம் உறுதியாகிவிடாது. கோர்டன் ஹைலேண்டர்ஸ் ரெஜிமெண்ட்டில் சேர்ந்தவர் எக்குலத்தவர் ஆனாலும் கோர்டன் டார்டனையே அணிந்தார். ஆகவே தொப்பி பேட்ஜையும் பட்டன்களையும் ஜூம் செய்து பாருங்கள். ராணுவ உடை என்றால் ராணுவப் பதிவேடுகளில் தேடுங்கள்.

குலத்துக்கொரு டார்டன் என்ற வழக்கமே பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றதுதான். 1842ல் வெளியான வெஸ்டியாரியம் ஸ்காட்டிகம் என்ற டார்டன் நூல் போலி என்று பின்னர் தெரியவந்தது. ஆனால் அதிலிருந்த பல டிசைன்கள் இன்றும் குல டார்டன்களாகப் புழக்கத்தில் உள்ளன.

எனவே குடும்ப மரம் புரோகிராமில் "எங்கள் குலம் கோர்டன்" என்று பதியாதீர்கள். "போட்டோவில் உள்ள துணி கோர்டன் டார்டனுடன் ஒத்துப்போகிறது" என்று குறிப்பு எழுதி, அளவுகளையும் சேர்த்து வையுங்கள். பிறப்பு, திருமணப் பதிவுகள் கிடைக்கும்போது சரிபார்க்க அது உதவும்.