அறிந்து உதவுதல்

உதவும் எண்ணம் ஒருவர்க்கு இருந்தால் மட்டும் போதாது. உதவி பெறுவாரது இயல்பை அறிதலும் வேண்டும். அறியாமையோடு செய்யும் உதவி சில வேளைகளில் இன்னலாகவும் முடியும். ஆட்டிசம் உடையவர்பால் இவ்வுண்மையைத் தெளிவாகக் காணலாம்.

ஆட்டிசம் தொற்றுநோயன்று, மனநோயும் அன்று. மூளை வளர்ச்சியில் இளமையிலேயே தோன்றி, வாழ்நாள் முழுதும் தொடரும் வேறுபாடு அது. லியோ கானர் என்னும் மருத்துவர் 1943ஆம் ஆண்டில் 11 குழந்தைகளை ஆராய்ந்து இதனை விளக்கி எழுதினார். இவ்வியல்புடையோர் அனைவரும் ஒரு தன்மையர் அல்லர். சிலர் நன்கு பேசுவர். சிலர் பேசவே மாட்டார். பிறர் கண்ணை நோக்கிப் பேசுதல் பலர்க்கு அரிது. பேரொலியும் எதிர்பாராத தீண்டலும் சிலரைப் பெரிதும் வருத்தும். அவ்வேளையில் கைகளை உதறியும் உடலை அசைத்தும் அவர் தம்மை ஆற்றிக்கொள்வர்.

இதனை அறியாதவர், விடை கூறாமையைச் செருக்கு என்பர்; கண்ணை நோக்காமையைக் குற்றத்தின் அடையாளம் என்பர். 2016ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து வடமயாமி நகரில், ஆட்டிசம் உடைய ஒருவர் பொம்மை வண்டியுடன் சாலையில் அமர்ந்திருந்தார். அதனைத் துப்பாக்கியோ என ஐயுற்று ஒருவர் காவலர்க்கு அறிவித்தார். உடனிருந்த பராமரிப்பாளர் தரையில் படுத்து, இரு கைகளையும் உயர்த்தி, அது பொம்மையே என்று உரக்கக் கூறினார். எனினும் காவலர் ஒருவர் சுட்டார்; குண்டு பராமரிப்பாளரின் காலில் பாய்ந்தது. நல்வினையாக அவர் உயிர் பிழைத்தார். 2017ஆம் ஆண்டில் அம்மாநிலம் காவலர்க்கு ஆட்டிசம் பற்றிய பயிற்சி அளிக்கச் சட்டம் இயற்றியது.

இத்தகைய பயிற்சி கற்பிப்பன எளியவையே. ஒரு நேரத்தில் ஒரு வினாவே வினவுக, விடைக்குப் பொறுத்திருக்க, தொடுமுன் சொல்லுக, இயலுமாயின் சங்கொலியை நிறுத்துக. ஆட்டிசம் உடைய குழந்தைகள் பலர் நீர்நிலைகளை விரும்பிச் செல்வர். ஆதலின் அத்தகைய குழந்தை காணாமற்போனால், அருகிலுள்ள குளத்தையும் கிணற்றையும் முதலில் தேடுதல் வேண்டும். இதனை அறிந்தவர் ஓர் உயிரைக் காக்கலாம்.

வேலை அளிப்போர்க்கும் இவ்வறிவு வேண்டும். நேர்முகத் தேர்வில் தயங்குபவர் தொழிலில் தயங்குவார் என்பதில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த தோர்கில் சோன் என்பவரின் மகன் ஆட்டிசம் உடையவன். அவனுடைய நுண்ணிய கவனத்தைக் கண்ட தந்தையார், 2004ஆம் ஆண்டில் ஒரு நிறுவனம் தொடங்கினார். அங்கு ஆட்டிசம் உடையோர் கணினி மென்பொருள்களில் பிழை கண்டறியும் பணியில் அமர்த்தப்பெற்றனர். அவர்தம் திறமை, பேச்சால் அன்றிச் செயலால் அளக்கப்பட்டது. கட்டளைகளை எழுதித் தருதல், அமைதியான இடம் ஒதுக்குதல், மாற்றங்களை முன்னரே அறிவித்தல் ஆகியவை வேலை அளிப்போர் செய்யத்தக்க சிறு உதவிகள். இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை.

இந்திய நாட்டில் 2016ஆம் ஆண்டுச் சட்டம், அரசுப் பணிகளில் ஆட்டிசம் உடையோர்க்கும் இடஒதுக்கீட்டு உரிமை வழங்கியது. சட்டம் வாயிலைத் திறக்கும். உள்ளே வந்தவரை நிலைபெறச் செய்வது உடன் பணிபுரிவோரின் அறிவே ஆகும். ஒருவர் நம்மைப்போல் நடவாதபோது, அவர்மேல் குற்றம் காணுமுன் காரணம் காண முயலுதல் நம் கடமையன்றோ?